பொறியின் இயல்பு நிலை

இராமாநுசர் தோன்றிய ஊர் என்னும் பெருமை உடையது திருப்பெரும்புதூர். அதனை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனத்தார் கார் உற்பத்தியைத் தொடங்கினர். பின்னர், ஒரகடம் வரையில் ஏரியும் வயலுமாய்க் கிடந்த நிலப்பரப்பில் கார், லாரி, கண்ணாடி, கைப்பேசி முதலியவற்றை ஆக்கும் தொழிற்சாலைகள் பல எழுந்தன. அங்கெல்லாம் எண்ணற்ற பொறிகள் மனிதரின் ஏவலை எதிர்நோக்கி நிற்கின்றன. ஏவல் தெளிவாயின் பொறி அதனைச் செய்து முடிக்கும். ஏவல் அரைகுறையாயின், அல்லது ஏவுவோனின் கை தவறின், அது யாது செய்யும்? இவ்வினாவிற்கு விடையைப் பொறியை அமைத்தவரே முன்கூட்டி வகுத்து வைத்தல் வேண்டும். அவ்விடையே அப்பொறியின் இயல்பு நிலை எனப்படும்.

தகட்டை அழுத்தி உறுப்புகளாக வளைக்கும் பிரஸ் என்னும் பொறியை எடுத்துக்கொள்வோம். சிறு பட்டறைகளில் தொழிலாளி தம் கையாலேயே தகட்டை அச்சினுள் வைத்து எடுக்கிறார். காலால் மிதித்து இயக்கும் பொறியாயின், கால் அறியாமல் பட்ட ஒரு நொடியில் அச்சு இறங்கிவிடும். போன விரல்கள் திரும்பி வருவதில்லை. ஆதலின், இரண்டு பொத்தான்களை இரு கைகளாலும் ஒரே வேளையில் அழுத்தினாலன்றி அச்சு இறங்காதவாறு பொறியை அமைத்தனர். அது இறங்கும்போது ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். வேலையை விரைவாக முடிக்க விரும்பிச் சிலர் ஒரு பொத்தானை நாடாவால் ஒட்டி வைத்துவிடுவதும் உண்டு! அதனையும் எண்ணிப் பார்த்த பொறியாளர், ஒவ்வோர் அழுத்தத்திற்கும் பின்பு இரு பொத்தான்களும் விடுபட்டாலன்றிப் பொறி மறுமுறை இயங்காதவாறு செய்தனர்.

லாரியின் பிரேக்கும் இத்தகையதே. அழுத்தக் காற்றால் இயங்கும் பிரேக்குடைய கனரக லாரிகளில், பின்சக்கரங்களைப் பற்றி நிறுத்துவது ஒரு வலிய சுருள்வில். காற்று அவ்வில்லை அமுக்கி வைத்திருக்கும் வரையில்தான் சக்கரம் உருளும். குழாய் வெடித்துக் காற்று வெளியேறினால் வில் விரிந்து சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். ஒரகடத்துச் சாலையோரத்தில் இரவெல்லாம் நின்ற லாரியை விடியலில் எடுக்கும் ஓட்டுநர், காற்றின் அழுத்தம் ஏறும்வரை காத்திருப்பது இதனாலேயே. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869ஆம் ஆண்டு புகைவண்டிக்கு அமைத்த முதற் காற்று பிரேக்கில் இவ்வேற்பாடு இல்லை. அதில் குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லாமற் போகும். சில ஆண்டுகளுக்குள் அவர் அதனைத் தலைகீழாக மாற்றி, குழாய் அறுந்தால் வண்டி நிற்குமாறு செய்தார்.

நிற்பதே எங்கும் பாதுகாப்பு என்று கொள்ளுதல் பிழையாகும். திருப்பெரும்புதூரில் உள்ள கண்ணாடித் தொழிற்சாலையின் உலை இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் எரிவது. மின்சாரம் நின்று உலை ஆறினால், உருகிய கண்ணாடி உள்ளேயே இறுகி உலையைக் கெடுத்துவிடும். அங்கே இயல்பு நிலை, இயங்கிக்கொண்டே இருத்தலாம். எது நேர்ந்தால் மீட்க இயலாதோ, அதனை அறிந்தே இயல்பு நிலையை முடிவு செய்கின்றனர்.

இன்று பொறிகளை இயக்குவன மென்பொருள்கள். ஒரு மென்பொருளைப் பலர் கூடி எழுதும்போது, எவர் எதனை எப்பொழுது மாற்றினார் என்பதைக் காத்துவைக்கும் கருவிகள் உள்ளன. அவற்றுள் புகழ் பெற்றது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு உருவாக்கிய கிட் என்பதாகும். அதில் ஒவ்வொருவரும் தம் வேலையைக் கிளைகளாகப் பிரித்து எழுதி, புஷ் என்னும் கட்டளையால் பொதுக் களஞ்சியத்திற்கு அனுப்புவர். எக்கிளையை அனுப்புவது என்று கூறாமல், புஷ் என்று மட்டும் கட்டளையிட்டால் யாது நிகழும்? தொடக்கத்தில், களஞ்சியத்தில் அதே பெயருள்ள எல்லாக் கிளைகளும் ஒருங்கே சென்றன. கையிலிருந்த ஒன்றை மட்டும் அனுப்ப எண்ணியவரின் முடியாத வேலையும் உடன் சென்றது. வலிந்து அனுப்பும் குறிப்பையும் சேர்த்துவிட்டாலோ, பிறர் அண்மையில் எழுதியவற்றின்மேல் இவருடைய பழைய படிகள் ஏறிக்கொண்டன.

இதனை மாற்றுதல் எளிதன்று. பழைய நடத்தையை நம்பியவர் பலர். அறிவிப்பின்றி மாற்றினால் அவர்கள் இடர்ப்படுவர். ஆகவே, ஜூனியோ ஹமானோவின் பொறுப்பில் கிட்டைப் பேணிவந்தோர், முந்திய பதிப்புகளிலேயே இயல்பு நிலை மாறப்போகிறது என்று எச்சரிக்கை காட்டி, 2014ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 2.0 பதிப்பில் மாற்றத்தைச் செய்தனர். அன்று முதல், வெறும் புஷ் என்னும் கட்டளை, எழுதுவோர் அப்பொழுது நிற்கும் கிளையை மட்டும், அதற்கு இணையாகக் குறிக்கப்பட்ட அதே பெயருள்ள கிளைக்கு அனுப்பும். பெயர் வேறுபட்டால் அனுப்ப மறுத்து, செய்ய வேண்டுவது யாதெனக் கேட்கும். பழைய முறையே வேண்டுவோர் அதனை இன்றும் பெறலாம். அதற்கு ஒரே ஒரு வரி போதும். ஆயின், அவ்வரியை அவர்களே தம் கையால் எழுதுதல் வேண்டும்.