பெரியவர்களுக்குப் படிக்கச் சொல்லித்தர: நெய்வேலிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெய்வேலி டவுன்ஷிப்பில் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. 11-வது வட்டத்து லிக்னைட் ஹாலில் ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும். ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களிலும், சுற்றுக் கிராமங்களிலிருந்து காண்ட்ராக்ட் வேலைக்கு வருகிறவர்களிலும் எழுத்துக்கூட்டத் திணறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தின் எழுத்தறிவு 78 சதவீதம். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் அப்போது எழுதப் படிக்கத் தெரியவில்லை.

இவர்களுக்காக 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத, 15 வயது நிரம்பிய யாரும் சேரலாம், கட்டணம் கிடையாது. சொல்லித் தருகிறவர்கள் தன்னார்வலர்கள். அவர்களுக்கும் சம்பளம் கிடையாது. மொத்தம் 200 மணி நேரப் பாடம். முடிவில் படித்தல், எழுதுதல், கணக்கு மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண்ணில் தேர்வு, தேறினால் சான்றிதழ். மாலையில் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும். தன்னார்வலராக ஆசிரியர் பயிற்சி தேவையில்லை. கல்லூரி மாணவர், பணி ஓய்வு பெற்றவர், இல்லத்தரசி யாராக இருந்தாலும் போதும்.

ஆனால் ஆனா, ஆவன்னாவிலிருந்து தொடங்கினால் பெரியவர்கள் நாலாம் நாளே நின்றுவிடுவார்கள். குழந்தைக்குக் காலம் இருக்கிறது. வேலை முடித்து அலுப்போடு உட்காருகிறவருக்கு முதல் நாளே ஒரு சொல்லாவது கைக்கு வரவேண்டும். 1990-களில் எழுத்தறிவுக்காகத் தமிழகத்தைக் கலக்கிய அறிவொளி இயக்கம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. அதன் பாடநூல் ‘பட்டா’, ‘படி’ என்ற சொற்களோடு தொடங்கியது. நிலம் உள்ளவருக்கும் நிலம் கேட்டு அலைகிறவருக்கும் பட்டா எவ்வளவு பெரிய விஷயம்! ப, ட இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை, பேனா பிடித்துப் பழகாத கைக்கும் எளிதில் வரும். அதோடு ‘ம’ சேர்ந்தால் படம், மடம், பட்டம் என்று சொற்கள் பெருகும். தமிழ்நாட்டில் பெரியவர்களுக்கென்று எழுதப்பட்ட பாடங்களில் இதைவிடச் சிறந்த தொடக்கத்தை நான் பார்த்ததில்லை.

அரசுத் திட்டத்தில் முதலில் கிடைப்பது தாய்மொழி எழுத்து. நெய்வேலியில் அது மட்டும் போதாது. சுரங்க வாசலிலும் அனல்மின் நிலையத்திலும் ஆங்கிலப் பலகைகள் நிறைய. வருகிறவர்களும் இங்கிலீஷ் சொல்லித்தாங்க என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆனால் தமிழை எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கு உடனே ஆங்கிலம் சொல்லித்தருவது வீண். தமிழ் கைவந்த பிறகு தொடங்கலாம்.

அவர்கள் வாயில் ஏற்கெனவே ஆங்கிலம் இருக்கிறது. ஷிப்ட், ஓ.டி., கேட், பாஸ், கேண்டீன், டேஞ்சர் எல்லாம் தினமும் பேசும் சொற்கள். பொருள் சொல்லித்தர வேண்டியதில்லை, எழுத்தை மட்டும் காட்டினால் போதும். பலகைகளில் பெரும்பாலும் பெரிய எழுத்துதான் என்பதால் முதலில் அதையே பழக்குங்கள். ஓரிடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. ‘பஸ்’, ‘பாஸ்’ இரண்டுக்கும் தமிழில் முதலில் வரும் மெய் ஒன்று, ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு வேறு. ‘டைம்’, ‘டேஞ்சர்’ இரண்டும் அப்படித்தான். ‘கேட்’, ‘கேண்டீன்’ இரண்டும் அப்படித்தான். காது பிரித்துக் கேட்கும்வரை இந்த மூன்று ஜோடிகளையும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, பிறகு எழுதவைக்க வேண்டும். பாடநூலுக்கு மாற்றாகச் சம்பளச் சீட்டு, மாத்திரை அட்டை, பேங்க் சலான் ஆகியவற்றையே கொண்டுவரச் சொல்லலாம்.

ஷிப்ட் மாறும் ஊர் இது. மாலை ஆறு மணி என்று அறிவித்துவிட்டால் இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் பாதிப்பேர் வரமாட்டார்கள். அவர்களுக்காகக் காலையிலும் ஒரு வகுப்பு வேண்டும். விட்டுப்போன பாடத்தை மறுபடி சொல்லித்தர முகம் சுளிக்காத மனசும் வேண்டும். வயதில் மூத்தவரை அண்ணே, அக்கா, ஐயா என்றே கூப்பிடுங்கள். தப்பை மற்றவர்கள் முன்னால் திருத்தாதீர்கள். கூச்சத்தால் நின்றுபோகிறவர்கள், பாடம் புரியாமல் நின்றுபோகிறவர்களைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

எழுத்து கைவந்தவர் மேலும் படிக்க விரும்பினால், எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராகவே எழுதலாம்.

படிக்க விரும்பும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அல்லது மாலையில் இரண்டு மணி நேரம் உங்களிடம் இருந்தால், பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே விசாரியுங்கள்.