பொருள் ஏன் நிலைத்து நிற்கிறது?

குவாண்டம் இயற்பியல் என்று பேச்சு எழுந்தால், உயிரோடும் இல்லாமல் சாகவும் செய்யாமல் பெட்டிக்குள் கிடக்கும் ஷ்ரோடிங்கரின் பூனையும், ஒரே சமயத்தில் இரண்டு துளைகளின் வழியே போகும் எலக்ட்ரானும், எதையும் முழுத் துல்லியமாக அறிய முடியாது என்கிற நிச்சயமின்மைக் கோட்பாடும்தான் முதலில் வந்து நிற்கின்றன. இவற்றைக் கேட்டுக் கேட்டு, அணுவுக்குள் எல்லாமே தடுமாற்றம், நாம் வாழும் திடமான உலகம் வேறு விதிகளின்படி நடக்கிறது என்ற எண்ணம் நன்கு படித்தவர்களிடமும் ஊன்றிவிட்டது. உண்மை இதற்கு நேர் எதிரானது. கல் கல்லாக இருப்பதும், நீர் எல்லா ஊரிலும் ஒரே நீராக இருப்பதும், சூரியன் பல நூறு கோடி ஆண்டுகளாகச் சீராக எரிவதும் குவாண்டம் விதிகளால்தான். பழைய இயற்பியலை மட்டும் வைத்துக்கொண்டால் இவற்றில் ஒன்றைக்கூட விளக்க முடியாது. தடுமாற்றத்தின் அறிவியல் என்று பெயரெடுத்த இந்தக் கோட்பாடே உலகின் உறுதிக்கு அடித்தளம் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

அணுவிலிருந்தே தொடங்குவோம். அணுவின் நடுவே கனமான கரு ஒன்று இருப்பதை 1911-இல் ரூதர்ஃபோர்டு அறிவித்தார். அந்தக் கருவை எலக்ட்ரான் சுற்றி வருகிறது என்று வைத்துக்கொண்டால் உடனே ஒரு சிக்கல் எழுகிறது. சுற்றும் மின்னேற்றம் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்க வேண்டும் என்பது மேக்ஸ்வெல் வகுத்த மின்காந்தவியலின் விதி. இழந்தால் எலக்ட்ரான் சுருள்சுருளாகச் சரிந்து கருவில் விழ வேண்டும். ஹைட்ரஜன் அணுவுக்கு இதைக் கணக்கிட்டால், ஒரு வினாடியைப் பத்தாயிரம் கோடிப் பங்காக்கி அதில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் அணு அழிந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய விதிகளின்படி எலக்ட்ரான் எந்தத் தொலைவில் வேண்டுமானாலும் சுற்றலாம். அப்படியானால் ஓர் ஆக்சிஜன் அணு மற்றோர் ஆக்சிஜன் அணுவைப் போல இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஆற்றல் துண்டுதுண்டாகவே பரிமாறப்படுகிறது என்று 1900 டிசம்பரில் பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் முன்வைத்த கருத்தும், ஒளியே துகள்களாக நடந்துகொள்கிறது என்று 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னதும் வழியைத் திறந்தன. குறிப்பிட்ட சில பாதைகளுக்கு மட்டுமே அனுமதி என்று 1913-இல் போர் விதித்தார். அவருடைய மாதிரி ஹைட்ரஜனுக்குப் பொருந்தியது; இரண்டே எலக்ட்ரான்கள் கொண்ட ஹீலியத்திடம் தோற்றது. 1925-இல் ஹைசன்பர்க்கும் 1926-இல் ஷ்ரோடிங்கரும் முழுமையான கோட்பாட்டைத் தந்தார்கள்.

ஷ்ரோடிங்கரின் சமன்பாடு எலக்ட்ரானை அலையாகக் கையாள்கிறது. இரு முனையும் இறுகக் கட்டிய வீணைத் தந்தி குறிப்பிட்ட சில அதிர்வுகளை மட்டுமே ஏற்பதுபோல, கருவின் ஈர்ப்பில் கட்டுண்ட அலைக்கும் குறிப்பிட்ட சில நிலைகள் மட்டுமே உண்டு. அவற்றுள் மிகத் தாழ்ந்த நிலைக்குக் கீழே இறங்க வழியில்லை. காரணம், பலரும் குறையாகப் பேசும் அதே நிச்சயமின்மைதான். எலக்ட்ரானைச் சிறிய இடத்துக்குள் அடைக்க அடைக்க அதன் உந்தம் பரந்து விரிகிறது. இயக்க ஆற்றல் ஏறுகிறது. கருவை நெருங்குவதால் குறையும் ஆற்றலை, நெருக்கத்தால் ஏறும் ஆற்றல் மிஞ்சத் தொடங்கும் இடத்தில் சரிவு நின்றுவிடுகிறது. ஹைட்ரஜனில் அந்தத் தொலைவு சுமார் 0.053 நானோமீட்டர். அங்கிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் தேவை. எலக்ட்ரானின் நிறை, மின்னேற்றம், பிளாங்க் மாறிலி போன்ற மாறாத அளவுகளிலிருந்தே இந்த எண்கள் பிறக்கின்றன. ஆகவே திருச்சியில் உள்ள ஹைட்ரஜனுக்கும் ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளில் உள்ள ஹைட்ரஜனுக்கும் வேறுபாடு இல்லை. நிச்சயமின்மை அணுவைக் குலைக்கவில்லை. அதுதான் அணுவைத் தாங்கிப் பிடிக்கிறது.

அணு நிற்கும் காரணம் புரிந்தது; அணுக்கள் ஏன் சேர்கின்றன? இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து மூலக்கூறு ஆகின்றன. மூன்றாவது வந்தால் அந்த மூலக்கூறு அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. மின்னியல் ஈர்ப்பு மட்டும்தான் காரணமென்றால் இரண்டோடு நிற்பானேன்? 1927-இல் சூரிச்சில் இருந்த ஹைட்லர், லண்டன் என்னும் இரு இளைஞர்கள் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை ஹைட்ரஜன் மூலக்கூறுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். எலக்ட்ரான்களை இது உன்னுடையது, அது என்னுடையது என்று பிரித்து அடையாளம் காண முடியாது. இரண்டும் இரு கருக்களுக்கும் பொதுவாகும்போது ஆற்றல் குறைகிறது. ஆனால் அவற்றின் தற்சுழற்சிகள் எதிரெதிராக இருந்தால்தான் இந்த இணைப்பு நடக்கும். ஒரே திசையில் இருந்தால் அணுக்கள் விலகி ஓடும். மூன்றாவது எலக்ட்ரான் எந்தத் திசையில் சுழன்றாலும் ஏற்கெனவே இருக்கும் இரண்டில் ஒன்றோடு ஒத்துப்போய்விடும் என்பதால் அதற்கு இடமில்லை. பள்ளிப் பாடத்தில் சகப்பிணைப்பு என்று இரண்டு புள்ளிகள் வைத்துக் காட்டுகிறார்களே, அதற்கு முதன்முதலாகக் காரணம் கிடைத்தது அப்போதுதான். அவர்களுடைய கணக்கு பிணைப்பின் உண்மையான வலிமையில் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே தந்தது. 1933-இல் ஜேம்ஸ், கூலிட்ஜ் இருவரும் இன்னும் விரிவாகக் கணக்கிட்டு, அளந்த மதிப்புக்கு ஒரு சதவீத அளவுக்குள் வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்தது அறிவியல் வரலாற்றில் அரிதான ஒன்று. 1968-இல் போலந்தைச் சேர்ந்த கோவோஸ், வோல்னியெவிச் இருவரும் கணினியின் உதவியோடு ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்கத் தேவையான ஆற்றலைக் கணக்கிட்டார்கள். கனடாவில் கெர்ஹார்டு ஹெர்ஸ்பெர்க் நிறமாலையிலிருந்து முன்னரே அளந்து வெளியிட்ட மதிப்பைவிட அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. அற்ப வேறுபாடுதான், ஆனாலும் விட்டுவிடக்கூடியது அன்று. அவர்கள் கையாண்ட முறையில் பிணைப்பின் வலிமை உண்மையைவிடக் குறைவாக வரலாமே தவிர, கூடுதலாக வர இயலாது. ஆகவே கோட்பாடு தவறு, இல்லையேல் அளவீடு தவறு. ஹெர்ஸ்பெர்க் சோதனையைப் புதிதாகச் செய்தார். 1970-இல் வெளியான அவருடைய புதிய முடிவு கணக்கோடு ஒத்துப்போனது. மூலக்கூறு நிறமாலையில் உலகின் தலைசிறந்த அளவீட்டாளர்களில் ஒருவரான அவர், மறு ஆண்டே வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். 2009-இல் வெளியான அளவீடும் கணக்கும் எட்டு இலக்கங்கள் வரை ஒன்றாக இருந்தன. தடுமாற்றத்தின் கோட்பாடு என்று நாம் நினைப்பது, சோதனைச் சாலையையே திருத்தும் அளவுக்குத் துல்லியமானது.

ஓர் அணுவும் ஒரு மூலக்கூறும் நிற்பதால் மட்டும் மலை நின்றுவிடாது. கோடானுகோடி அணுக்கள் சேரும்போது அவை ஏன் ஒன்றுக்குள் ஒன்று நொறுங்கி விழுவதில்லை? ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்று 1925-இல் பௌலி கூறிய தவிர்க்கைத் தத்துவமே விடை. தனிம வரிசை அட்டவணையின் அடுக்குகளை வகுப்பதும் இதுதான். நம் காலடித் தரையைத் தாங்குவதும் இதுதான். இந்தத் தத்துவத்தின் துணையால்தான் பெரும்பொருள் நிலைத்திருக்கிறது என்பதை ஃபிரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் 1967-இல் கணித முறைப்படி நிறுவினார்கள். இதே தாங்கும் வலிமைக்கு எல்லை உண்டா என்று கேட்டவர் ஒரு தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், எரிந்து முடிந்த விண்மீன்களை எலக்ட்ரான்களின் இந்த நெருக்கடிதான் தாங்குகிறது என்பதையும், வேகமாக இயங்கும் எலக்ட்ரான்களுக்குச் சார்பியல் விதிகள் பொருந்தும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டார். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் போனால் அந்தத் தாங்கல் போதாது என்று விடை வந்தது. எடிங்டன் 1935-இல் அதை வெளிப்படையாக எதிர்த்தார். இன்று அது சந்திரசேகர் எல்லை என்ற பெயரில் பாடநூல்களில் நிற்கிறது.

பயன்பாடுகளை அடுக்கினால் முடிவே இருக்காது. வேர் ஒன்றே என்பதைக் காட்டச் சில போதும். படிகத்துக்குள் எலக்ட்ரான் அலைகள் எப்படிப் பரவும் என்று 1928-இல் ஃபெலிக்ஸ் பிளாக் கணக்கிட்டார். அதிலிருந்து குறைகடத்தியின் இயல்பை 1931-இல் ஆலன் வில்சன் விளக்கினார். 1947-இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூரியனின் மையத்தில் உள்ள சுமார் 1.5 கோடி டிகிரி வெப்பம்கூட, பழைய விதிகளின்படி புரோட்டான்கள் ஒன்றையொன்று தொடப் போதாது. ஏற முடியாத தடையையும் அலை சிறிதளவு ஊடுருவும் என்பதால் அணுக்கரு இணைவு நடக்கிறது. ஊடுருவல் அரிதாக நடப்பதால் சூரியன் நிதானமாக எரிகிறது. 1928 பிப்ரவரியில் கொல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட ஒளிச்சிதறலும் இந்த வகையே. ஒளி, மூலக்கூறோடு துண்டு துண்டான ஆற்றலைக் கொடுத்து வாங்குகிறது. எந்தத் துண்டு என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடுவதால், மருந்தோ ரத்தினமோ அசலா போலியா என்று அதைக் கொண்டு சொல்லிவிடலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் பார்ப்போம். குவாண்டம் கோட்பாடு தருவது வெறும் நிகழ்தகவுதானே, அதை உறுதி என்று எப்படிச் சொல்லலாம் என்பது முதல் கேள்வி. ஒரு கதிரியக்க அணு எந்த நொடியில் சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் நிகழ்தகவு தனியொரு நிகழ்வின் நேரத்தைப் பற்றியது. அனுமதிக்கப்பட்ட ஆற்றல் நிலைகள் எவை என்பதில் கோட்பாடு கறாராகவே பேசுகிறது. அதை நம்பித்தான் 1967-இல் வினாடியையே சீசியம் அணுவைக் கொண்டு வரையறுத்தார்கள். அந்த அணுவின் இரு நிலைகளுக்கு இடையே பிறக்கும் கதிர்வீச்சு 919,26,31,770 முறை அதிர்ந்தால் ஒரு வினாடி. உலகின் கடிகாரங்கள் அனைத்துக்கும் நேரம் சொல்வது நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு உட்பட்ட ஓர் அணு.

இரண்டாவது எதிர்ப்பு ஐன்ஸ்டைனுடையது. எளிதில் தள்ளிவிடக் கூடாதது. பொடோல்ஸ்கி, ரோசன் இருவரோடு சேர்ந்து 1935-இல் எழுதிய கட்டுரையில், இக்கோட்பாடு முழுமையற்றது, துகள்கள் நமக்குத் தெரியாத மறைவான மதிப்புகளை ஏந்திச் செல்லக்கூடும் என்ற கருத்துக்கு அவர் வழிவகுத்தார். இதைச் சோதனையால் தீர்க்கலாம் என்று 1964-இல் ஜான் பெல் காட்டினார். கிளாசர், ஆஸ்பெ, சைலிங்கர் ஆகியோரின் சோதனைகள், ஒவ்வொரு துகளும் தன்னளவில் மறைத்து வைத்திருக்கும் மதிப்புகளால் மட்டும் விளைவுகளை விளக்க முடியாது என்று நிறுவின. மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐன்ஸ்டைனின் கேள்வி முழுதாக அடங்கிவிட்டது என்று சொல்லிவிடவும் முடியாது. அளவீட்டின்போது பல வாய்ப்புகளில் ஒன்று எப்படி நடப்பாகிறது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. ஆனால் இது கோட்பாட்டின் பொருள் குறித்த விவாதம். ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமை எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலான தரப்பினரும் ஒரே விடையைத்தான் தருவார்கள்.

மூன்றாவது எதிர்ப்பு வேதியியலாளர்களின் பக்கத்திலிருந்து வருகிறது. மெண்டலீவ் 1869-இல் அட்டவணை வகுத்தபோது எலக்ட்ரானே அறியப்படவில்லை; சாயமும் மருந்தும் குவாண்டத்துக்கு முன்பே செய்தாயிற்று; பிறகு அது எதற்கு? இதில் பாதி நியாயம் இருக்கிறது. வேதியியலின் அடிப்படை விதிகள் தெரிந்துவிட்டன, ஆனால் அவற்றின் சமன்பாடுகள் தீர்க்க முடியாத அளவுக்குக் கடினமானவை என்று 1929-இல் டிராக்கே ஒப்புக்கொண்டார். அதனால் வேதியியலாளரின் அனுபவ அறிவுக்கு மதிப்பு குறைவதில்லை. ஆனால் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது வேறு, ஒழுங்கின் காரணத்தை அறிவது வேறு. காரணம் தெரிந்ததால்தான், ஒவ்வொரு எலக்ட்ரானையும் பின்தொடராமல் அவற்றின் மொத்த அடர்த்தியை மட்டும் கொண்டு கணக்கிடும் வழியை 1960-களில் வால்டர் கோன் வகுக்க முடிந்தது. 1998-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர் ஓர் இயற்பியலாளர். இன்று வினையூக்கியையும் மின்கலப் பொருளையும் செய்து பார்ப்பதற்கு முன்பே கணினியில் ஆராய்வது அந்த வழியில்தான்.

இந்திய அரசு 2023-இல் சுமார் 6,000 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025-ஐ ஐக்கிய நாடுகள் அவை குவாண்டம் அறிவியலின் ஆண்டாக அறிவித்தது. ஆர்வம் பெருகும் இந்தக் காலத்தில் குவாண்டம் சிகிச்சை, குவாண்டம் பதக்கம் என்று விற்பவர்களும் பெருகுகிறார்கள். புதிரை மட்டும் கேட்டுப் பழகிய மனம் அவர்களிடம் எளிதில் ஏமாறும். அப்படி யாராவது வந்தால் வாசகர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: எந்த அளவைக் கணக்கிட்டீர்கள், அதை யார் அளந்து சரிபார்த்தார்கள்? ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூனையைப் பிறகு சொல்லலாம். கல்லும் நீரும் சூரியனும் நிலைத்திருக்கும் காரணத்தைச் சொல்லி குவாண்டம் பாடத்தைத் தொடங்குங்கள்.