பனி பெய்வதில்லை

பனி ‘பெய்கிறது’ என்கிறோம். மழையைப் போல் அது வானிலிருந்து இறங்குவதன்று. இலையின் மேலேயே பிறப்பது.

ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள எமது பண்டாரவளையில் உறைபனி அரிது. 6,100 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலோ, தை மாசியில் சில விடியற்காலைகளில் புல்லும் தேயிலையும் வெண்மை போர்த்துக் கிடக்கும். அவ்வேளையிலும் வெப்பமானி பூச்சியத்துக்கு மேல் இரண்டொரு பாகை காட்டுவதுண்டு. “கருவி பொய் சொல்லுமா, ஐயா?” என்று மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. கருவி தரைக்கு நாலடி மேலே, கூட்டினுள் இருந்து காற்றை அளக்கிறது. இலையோ இரவெல்லாம் தன் வெப்பத்தை வானவெளிக்கு இழந்து, சூழ்ந்த காற்றினும் குளிர்ந்துவிடுகிறது. மேகம் இருந்தால் கம்பளியாய்க் காக்கும். காற்று வீசினால் மேலுள்ள வெப்பம் வந்து கலக்கும். இரண்டுமற்ற இரவில் இலை பூச்சியத்துக்குக் கீழே இறங்க, நீராவி அதன்மீது நேரே பளிங்காய்ப் படிகிறது.

குளிர்காற்று கனமுடையது, நீரைப்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆதலின் மேட்டுத் தேயிலை பசுமையாயிருக்க, ஓடைக்கரைச் செடிகள் மட்டும் கருகி நிற்கும். இலைக்குள் நீர் உறைந்து உயிரணுக்கள் சிதைவதால், வெயிலேறியதும் கொழுந்து தீப்பட்டதுபோல் கறுத்துப்போகிறது. நிழல் மரங்கள் இருந்தால் அவை ஓரளவு மேகத்தின் வேலையைச் செய்யும்.

கருகிய செடி மீண்டும் துளிர்க்க வாரங்கள் செல்லும். அதுவரை அங்கே கொழுந்தில்லை. நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். கூடையைச் சுமப்பவளிடம் இதை எந்த வெப்பமானி கொண்டு விளக்குவது?