நெஞ்சுப் படபடப்பும் நம் அன்றாடப் பழக்கங்களும்

காய்ச்சல் கண்டால் நாம் மருந்தகத்திற்குச் செல்கிறோம். பால் வெட்டும் கத்தி கையில் பட்டுவிட்டால் உடனே கட்டுப் போட்டுக் கொள்கிறோம். ஆனால், காரணம் ஏதும் புலப்படாமல் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை கால் நடுங்கி, உயிரே போய்விடுமோ என்னும் பேரச்சம் சூழ்ந்து கொண்டால் அதனை யாரிடமும் சொல்லாமல் மறைத்து விடுகிறோம். சொன்னால் பிறர் நகைப்பார்கள் என்று ஒருவர் எண்ணுகிறார். பேய் பிடித்திருக்கிறது என்று மற்றொருவர் நம்புகிறார். மூளை பிசகிவிட்டதோ என்று வேறொருவர் அஞ்சுகிறார். இவை மூன்றும் உண்மையல்ல.

இவ்வாறு வரும் தொல்லையைத் திடீர்ப் பீதி எனலாம். மருத்துவ மனைகளில் இதனைப் 'பானிக் அட்டாக்' என்பர். இது ஏன் வருகிறது, உணவையும் பழக்க வழக்கங்களையும் திருத்திக் கொள்வதால் இதனை எவ்வளவு தணிக்க முடியும், மருத்துவரின் உதவி எப்போது தேவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

திடீர்ப் பீதி என்றால் என்ன?

நெஞ்சு வேகமாக அடித்தல், வியர்த்தல், நடுக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குமட்டல், தலைச் சுற்றல், விரல் நுனிகளில் மரமரப்பு, சாவு நெருங்கிவிட்டது என்னும் எண்ணம் ஆகியவற்றுள் பல ஒருங்கே தோன்றுவது இதன் அடையாளமாகும். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் இது உச்சத்தை அடையும். அரை மணி நேரத்திற்குள் தணிந்துவிடும். உயிரைப் போக்குவது போலத் தோன்றினாலும் உயிரைப் போக்காது.

இது கோழைகளுக்கு வரும் நோயன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கு கொண்ட போர்வீரர்கள் பலர், இருதயத்தில் குறை ஏதுமின்றியே நெஞ்சுப் படபடப்பால் துன்புற்றதை டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அடிக்கடி வரும் திடீர்ப் பீதியை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டில் தனியொரு நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரு மடங்கு மிகுதியாக வருகிறது.

உடலின் காவல் நாய்

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஓர் உவமையால் விளக்கலாம். லயத்து வாசலில் படுத்திருக்கும் காவல் நாய் திருடனைக் கண்டால் குரைக்கிறது. வெயிலில் ரப்பர்க்காய் வெடித்துச் சிதறும் ஓசையைக் கேட்டாலும் அதே குரலில்தான் குரைக்கிறது. குரைப்பு உண்மையே; ஆனால் திருடன் இல்லை.

நம் உடலிலும் இத்தகைய காவல் ஏற்பாடு ஒன்று உண்டு. புதரிலிருந்து பாம்பு சீறினால் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலக்கின்றன. உடனே இருதயம் விரைந்து அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் ஆயத்தமாகிறது. திடீர்ப் பீதியின்போது பாம்பு இல்லாமலேயே இந்த ஏற்பாடு விழித்துக் கொள்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் முன்னோர் வாக்கு. இங்கோ, அரண்டவனுக்குத் தன் நெஞ்சு துடிப்பதே பேயாகத் தோன்றுகிறது. துடிப்பைக் கண்டு அவன் அஞ்சுகிறான். அஞ்ச அஞ்சத் துடிப்பு மிகுகிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்து, தலை சுற்றி, விரல்கள் மரத்துப் போகின்றன. அவற்றைக் கண்டு அச்சம் மேலும் வளர்கிறது.

ஆகவே, காவல் நாயை வீணாகச் சீண்டாமலிருப்பது ஒரு வழி. அது குரைத்தாலும் அஞ்சாமலிருக்கப் பழகுவது மற்றொரு வழி. உணவும் பழக்க வழக்கமும் முதல் வழிக்குத் துணை செய்கின்றன.

முதலில் மருத்துவப் பரிசோதனை

நெஞ்சு படபடப்பதெல்லாம் திடீர்ப் பீதி என்று நாமே முடிவு செய்தல் கூடாது. இரத்தச் சோகை, தைராய்டுச் சுரப்பியின் மிகைச் செயல், இருதயத் துடிப்பின் ஒழுங்கீனம், ஆஸ்துமா ஆகியவையும் இத்தகைய தொல்லையைத் தரும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் நேரத்திற்கு உண்ணாவிடில், சர்க்கரை அளவு தாழ்ந்து இதே போன்ற நடுக்கமும் வியர்வையும் உண்டாகும். எனவே, முதன்முறை இவ்வாறு நேர்ந்தால் மருத்துவரைக் கண்டு பரிசோதித்துக் கொள்ளுதல் அவசியம்.

நெஞ்சை அழுத்தும் வலி இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றிற்குப் பரவினாலும், வலியுடன் குளிர்ந்த வியர்வை பெருகினாலும், மயக்கம் வந்தாலும் அதனை மாரடைப்பு என்றே கருதி 999 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்தோரும், நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோரும், புகைப்போரும் இதில் சிறிதும் தாமதித்தல் ஆகாது.

விடியற்காலைக் காப்பி

ரப்பர் மரத்தில் பாலின் அழுத்தம் விடியற்காலைக் குளிர்ச்சியில் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆகையால் மரமே நம் வேலை நேரத்தை வகுத்து விடுகிறது. நாலு மணிக்கு எழுந்து, சர்க்கரை போட்ட வரக்காப்பி ஒன்றை மட்டும் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு விரைவோர் பலர். பிறகு நெற்றி விளக்குடன் நிரை நிரையாக மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்த பின்னரே பசியாறுகின்றனர். குறைந்த தூக்கம், வெறும் வயிறு, காப்பி, கடும் உழைப்பு ஆகிய நான்கும் ஒன்று சேர்ந்தால் எவருக்கும் நெஞ்சு படபடக்கும். திடீர்ப் பீதிக்கு இலக்கானவருக்கு அதுவே தாக்குதலின் தொடக்கமாகி விடுகிறது.

காப்பியில் காஃபின் என்னும் கிளர்ச்சிப் பொருள் உள்ளது. இத்தொல்லை உடையவர்களுக்கு ஐந்து குவளைக் காப்பியின் அளவுக்கு, அதாவது 400 மில்லிகிராமும் அதற்கு மேலும், காஃபின் கொடுத்துச் செய்யப்பட்ட ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பீதி உண்டாயிற்று. நலமுடையோரில் அவ்வாறு நேர்ந்தது மிக அரிது. ஈப்போ வட்டாரத்தின் வெள்ளைக் காப்பி நாடெங்கும் பெயர் பெற்றது. நாமும் அதனை விரும்பிப் பருகுகிறோம். எனினும், காப்பிக்கொட்டை வகைகளுள் ரொபஸ்தாவில் அராபிக்காவைவிட ஏறக்குறைய இரு மடங்கு காஃபின் உண்டு என்பதையும், பருகிய காஃபினில் பாதி அளவு ஐந்து மணி நேரம் வரை உடலில் தங்கியிருக்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். டின்களில் விற்கப்படும் ஊக்க பானங்களிலும் இப்பொருள் உண்டு.

காப்பியை ஒரே நாளில் நிறுத்தினால் சில நாட்களுக்குத் தலைவலியும் சோர்வும் தோன்றும். ஆதலால் இரண்டு வார காலத்தில் சிறுகச் சிறுகக் குறைப்பதே நன்று. நண்பகலுக்குப் பின் காப்பியையும் கடுந்தேநீரையும் தவிர்த்தல் வேண்டும்.

உண்ணும் முறை

பீதியை நீக்கும் தனி உணவு எதுவும் இல்லை. அவ்வாறு கூறி விற்கப்படும் தூள்களையும் மாத்திரைகளையும் நம்பிப் பணத்தை வீணாக்க வேண்டாம். நேரத்திற்கு உண்பதே இங்கு மருந்தாகும்.

வயிறு நெடுநேரம் காலியாக இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைகிறது. அதனை ஈடு செய்ய உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. எனவே, பெரட்டுக்குப் புறப்படுமுன் சிறிதளவேனும் உண்ண வேண்டும். இரண்டு இட்டிலி, ஒரு சப்பாத்தியுடன் பருப்பு, அவித்த முட்டையும் வாழைப்பழமும், அவித்த கடலை ஆகியவற்றுள் எது கிடைப்பினும் போதும். பருப்பு, முட்டை, கடலை ஆகியவை மெதுவாகச் செரிப்பதால் நெடுநேரம் பசி தாங்கும். இனிப்புப் பலகாரமும் கெட்டிப்பால் கலந்த தேநீரும் அவ்வாறு தாங்கா.

வெட்டுக்குப் போகும்போது ஒரு புட்டி தண்ணீரையும் கொண்டு செல்ல வேண்டும். வியர்வையால் உடலில் நீர் குறைந்தாலும் தலை சுற்றி நெஞ்சு படபடக்கும்.

பெண்கள் இரத்தச் சோகையைக் குறித்துத் தனிக் கவனம் செலுத்த வேண்டும். முருங்கைக் கீரை, தண்டுக் கீரை, பருப்பு, நெத்திலி, முட்டை ஆகியவற்றை உணவிற் சேர்த்து, உடன் ஓர் எலுமிச்சம்பழத் துண்டையோ கொய்யாப்பழத்தையோ உண்டால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் பருகினால் அச்சத்து சேர்வது குறைந்து விடும்.

மதுவும் புகையும்

மனக்கலக்கத்தைப் போக்கக் கள்ளோ பீரோ சம்சுவோ அருந்துவோர் உளர். மது முதலில் மயக்கி அமைதி தருவது போலக் காட்டும். அதன் வேகம் இறங்கும்போது தூக்கம் கெட்டு, நடுக்கமும் அச்சமும் முன்னிலும் மிகுதியாகத் திரும்பும். அதனைத் தணிக்க மீண்டும் குடிப்பவர் இரு நோய்களுக்கு ஆளாகிறார். எனினும், நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். சிகரெட்டிலுள்ள நிக்கோட்டினும் இருதயத் துடிப்பை விரைவுபடுத்துவதே ஆகும்.

தூக்கமும் உடற்பயிற்சியும்

நாலு மணிக்கு எழுபவர் இரவு ஒன்பது மணிக்குப் படுத்தால்தான் ஏழு மணி நேரத் தூக்கம் கிட்டும். தொலைக்காட்சித் தொடரும் கைத்தொலைபேசியும் இந்நேரத்தைப் பறித்துக் கொள்ள நாம் இடம் தரலாகாது. பிற்பகலில் உறங்குவோர் அதனை அரை மணி நேரத்தோடு முடித்துக் கொள்வது நலம்.

ஜெர்மனியில் நடத்தப்பெற்று 1998ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இத்தொல்லை உடையோர் சிலர் பத்து வாரங்கள் தொடர்ந்து ஓட்டப் பயிற்சி செய்தனர். வெறும் மாத்திரை உண்டவர்களைவிட அவர்கள் நற்பயன் பெற்றனர். ஆயினும், உரிய மருந்து உண்டவர்களே விரைவாகவும் மிகுதியாகவும் நலமடைந்தனர். பயிற்சி நல்ல துணை. மருத்துவத்திற்கு மாற்று அன்று என்பதை இதனால் அறியலாம்.

மரம் வெட்டுவோருக்கு நடையும் உழைப்பும் ஏற்கனவே உண்டு. தோட்டத்தை விட்டு ஈப்போ, செமோர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் நின்றோ அமர்ந்தோ வேலை செய்வோரும், ஓய்வு பெற்றோரும் வாரத்தில் ஐந்து நாட்கள் அரை மணி நேரம் விரைந்து நடக்கலாம். மாலையில் பந்து விளையாடலாம். உழைப்பால் நெஞ்சு அடிப்பது இயல்பே என்று மனம் பழகிக் கொள்ளவும் இது உதவும்.

தாக்குதல் வரும்போது

வெட்டுக் காட்டில் தனியே இருக்கும்போது பீதி தொடங்கினால் முதலில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அமர வேண்டும். மூக்கின் வழியே நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிட வேண்டும். இவ்வாறு ஐந்து நிமிடம் செய்து, கண்ணெதிரே உள்ள மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கலாம். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் முறை ஆபத்தானது, அதனைச் செய்யலாகாது. அருகிலிருப்போர் கூட்டம் கூடாமல், கன்னத்தில் தட்டாமல், வாயில் நீர் ஊற்றாமல், அமைதியாகப் பேசித் துணையிருக்க வேண்டும்.

தாக்குதல் நேர்ந்த இடத்திற்கு மறுபடியும் போக மறுப்பது இத்தொல்லையின் பெருங்கேடு. இன்று ஒரு நிரை, நாளை வேலைக்காடு, பிறகு கடைத்தெரு என்று ஒவ்வொன்றையும் விட்டு விலகுபவர், இறுதியில் வருமானத்தையும் இழந்து வீட்டிலேயே முடங்கி விடுவார். ஆதலால், தோழர் ஒருவரின் துணையுடனேனும் அதே இடத்திற்குத் திரும்பிச் செல்லுதல் வேண்டும்.

உதவி அருகிலேயே உண்டு

செமோர் வட்டார மக்கள் மனநலம் என்றவுடன் அண்மையிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானை நினைத்துத் தயங்குவதுண்டு. 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அம்மருத்துவமனையின் பெயரைச் சொல்லி ஒருவரை ஒருவர் ஏளனம் செய்யும் வழக்கம் இன்னும் நம்மிடையே ஒழியவில்லை. அதன் இன்றைய பெயர் உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. 'பகாகியா' என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். திடீர்ப் பீதியால் துன்புறுவோரில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்க வேண்டியதே இல்லை. வந்து போகும் நோயாளிகளாகவே குணமடைகின்றனர்.

செமோர் சுகாதார நிலையம் போன்ற அரசாங்க நிலையங்களில் குடிமக்கள் ஒரு வெள்ளி செலுத்தி மருத்துவரைக் காணலாம். எண்ணங்களைத் திருத்தும் பேச்சுச் சிகிச்சையும், தேவையானால் மாத்திரையும் நல்ல பயன் தருகின்றன. மாத்திரை பயனளிக்கச் சில வாரங்கள் ஆகும். இடையில் நாமாக நிறுத்துவதும், பிறருடைய மாத்திரையை வாங்கி உண்பதும் தவறு. 15555 என்னும் ஹீல் தொலைபேசிச் சேவையும் 2022ஆம் ஆண்டு முதல் மனநல ஆலோசனை வழங்கி வருகிறது.

மருத்துவரைக் காணச் சென்றால் கூலி போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, மருத்துவர் சான்றளித்தால், ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாட்களும், ஐந்தாண்டுக்குக் குறைவானவருக்கு 18 நாட்களும், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாட்களும் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. கோயிலுக்குச் சென்று மன அமைதி பெறுவது நன்றே. அதன் பொருட்டு மருத்துவரைக் காண்பதை மட்டும் தள்ளிப் போடலாகாது.

இவை அனைத்தையும் ஒரே நாளில் மேற்கொள்ளுதல் எவருக்கும் அரிது. இவ்வாரம் பெரட்டுக்கு முன் உண்ணத் தொடங்குவோம். அடுத்த வாரம் ஒரு குவளைக் காப்பியைக் குறைப்போம். அதற்கும் அடுத்த வாரம் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுப்போம். வீட்டிலோ வேலைக்காட்டிலோ நெஞ்சுப் படபடப்பை மறைத்து வாழும் ஒருவரை நாம் அறிந்திருப்பின், அவரைத் தனியே விடாமல் சுகாதார நிலையம்வரை உடன் அழைத்துச் செல்வோமாக.