காவல்காரனையும் கவனிக்க வேண்டும்

மொத்தக் கடை நடத்தும் நம்மில் அநேகருடைய பேரேடு இன்று சர்வர் என்கிற ஒரே கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கொள்முதல், இருப்பு, எந்த ஊர்க் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அதற்குள்ளேதான். முன்பக்கம் பில் போடும் கம்ப்யூட்டர் ஒன்று பழுதானால் அடுத்ததில் பில் போட்டுக்கொள்ளலாம். சர்வர் போனால் லாரியில் வந்த மூட்டையை இறக்கி வைப்பதைத் தவிர வேறு வேலை நடக்காது. அப்படிப்பட்ட சர்வரில் ஆன்டிவைரஸை அப்டேட் செய்கிறீர்களா என்று வியாபார நண்பர்களைக் கேட்டால், "வருஷா வருஷம் பணம் கட்டுகிறோமே, அது தானாகப் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். இது பாதிதான் சரி.

அப்டேட் என்பது ஒன்றல்ல, இரண்டு. முதலாவது, புதிதாகக் கிளம்பிய வைரஸ்களின் அடையாளப் பட்டியல். கடைவீதிக் கூர்க்காவிடம் போலீஸார் தினமும் புதுத் திருடர்களின் போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் இருந்தால் இது ஒரே நாளில் பலமுறைகூடத் தானாக வந்து சேரும். இரண்டாவது, ஆன்டிவைரஸ் புரோகிராமிலேயே உள்ள ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட். கூர்க்காவின் கண்ணுக்கும் காதுக்கும் வைத்தியம் பார்ப்பது போன்றது இது. பல ஆன்டிவைரஸ்களில் இது முழுமையாக ஏறுவதற்கு கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். நம் சர்வர்களோ மாதக்கணக்கில் அணைக்கப்படாமல் ஓடுகிறவை. மூலையில் "ரீஸ்டார்ட் செய்யவும்" என்ற அறிவிப்பு வந்து வந்து போகும். பில் போடும் அவசரத்தில் கணக்குப்பிள்ளை அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார்.

காவலுக்கு வந்த புரோகிராமிலேயே ஓட்டை இருக்குமா என்று கேட்கலாம். இருந்திருக்கிறது. 2017 மே மாதத்தில் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள், மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் ஆன்டிவைரஸில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஈமெயிலில் வந்த கெட்ட ஃபைலை நாம் திறக்கக்கூட வேண்டியதில்லை. வைரஸ் இருக்கிறதா என்று டிஃபெண்டர் அதைச் சோதித்துப் பார்த்தாலே போதும், கம்ப்யூட்டர் அடுத்தவன் கைக்குப் போய்விடும் என்ற நிலை. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அடைத்துவிட்டது. 2021 ஜனவரி 12-ஆம் தேதி அதே டிஃபெண்டருக்கு இன்னொரு அப்டேட் வந்தது. அந்த ஓட்டையை அதற்கு முன்பே திருடர்கள் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். டிஃபெண்டர் மட்டம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த ஆன்டிவைரஸும் எல்லா ஃபைலையும் திறந்து பார்க்கும், கம்ப்யூட்டருக்குள் எஜமானனுக்குச் சமமான அதிகாரம் அதற்கு உண்டு. கல்லாச் சாவியை வைத்திருப்பவன் ஏமாந்தால் வாசல் கதவு எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை.

மளிகைக் கடைக்காரர்களாகிய நமக்கு நெருக்கமான ஒரு சம்பவம் 2021 ஜூலையில் சுவீடன் நாட்டில் நடந்தது. அங்கே சுமார் 800 கடைகளைக் கொண்ட கூப் என்ற பெரிய மளிகை நிறுவனம், ஜூலை 3-ஆம் தேதி சனிக்கிழமை பெரும்பாலான கடைகளைத் திறக்க முடியாமல் நின்றது. பில் மெஷின்கள் இயங்கவில்லை. கூப் நிறுவனத்தை யாரும் நேரடியாகத் தாக்கவில்லை. அவர்களுடைய பில் மெஷின்களைப் பராமரித்த கம்பெனி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டர்களை நிர்வகிக்க கசேயா என்ற மென்பொருளை உபயோகித்தது. திருடர்கள் அதன் வழியாக, அப்டேட் என்று பெயர் சூட்டியே வைரஸை அனுப்பினார்கள். அது உள்ளே வந்ததும் செய்த முதல் காரியம் டிஃபெண்டரின் காவலை நிறுத்தியது. அடுத்து, டிஃபெண்டரின் பல வருடப் பழைய ஃபைல் ஒன்றைத் தன்னோடு கொண்டுவந்து, அதன் பலவீனத்தை ஏணியாக்கி ஏறியது. பழைய பதிப்பில் எங்கே ஓட்டை என்பது அவர்களுக்கு மனப்பாடம். இந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு எங்கள் சர்வரில் ஆன்டிவைரஸ் செட்டிங்கை யாரும் மாற்ற முடியாதபடி பாஸ்வேர்டு போட்டோம். அநேக ஆன்டிவைரஸ்களில் இந்த வசதி உண்டு. அந்தப் பாஸ்வேர்டு முதலாளியிடம்தான் இருக்க வேண்டும்.

அப்டேட்டாலேயே தொல்லை வந்ததும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2010 ஏப்ரல் 21-ஆம் தேதி மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைலையே வைரஸ் என்று பிடித்து ஒதுக்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தில் பில் மெஷின்கள் நின்று, சில கடைகளை மூட வேண்டியதாயிற்று. 2024 ஜூலை 19-இல் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட் நம் நேரம் காலை 9.39-க்குப் புறப்பட்டது. 10.57-க்குத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் உலகம் முழுதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இதைக் காட்டி, "அதனால்தான் நான் அப்டேட்டையே நிறுத்தி வைத்திருக்கிறேன்" என்பவர்கள் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். ஒரு மூட்டையில் வண்டு வந்தது என்பதற்காக யாரும் கொள்முதலை நிறுத்துவதில்லை, பிரித்துப் பார்த்து வாங்குகிறோம். எங்கள் கடையில் தினசரிப் பட்டியலைத் தானாக வரவிட்டிருக்கிறோம். அதில் கை வைப்பதில்லை. புரோகிராம் அப்டேட்டை மட்டும் நாங்கள் சொல்லும் நேரத்தில்தான் ஏற்றுகிறோம். முதலில் பில் போடும் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி இரண்டு நாள் ஓட விடுவோம். தொந்தரவு இல்லையென்றால் ஞாயிறு மதியம் கடை சாத்தியபின் சர்வரில். ஆனால், "இந்த ஓட்டை வழியாக ஏற்கெனவே திருட்டு நடக்கிறது" என்று கம்பெனி அறிவித்துவிட்டால் ஞாயிறு வரை காத்திருப்பதில்லை, அன்றிரவே ஏற்றிவிடுவோம். 10, 11 தேதிகளிலும் 19, 20 தேதிகளிலும் அவசரமில்லாத அப்டேட்டைத் தொடமாட்டோம். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளில் சர்வர் தகராறு செய்தால் ஆடிட்டர் ஆபீஸுக்கு யார் பதில் சொல்வது?

ஏற்றுவதற்கு முன் எல்லாக் கம்ப்யூட்டரிலும் கணக்கு மென்பொருளை மூடச் சொல்லுங்கள். திறந்திருக்கும்போதே சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் கணக்கு ஃபைல் கெட்டுப்போகலாம். பிறகு பேக்கப். அதை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, கழற்றி, பீரோவில் வைக்க வேண்டும். சர்வரிலேயே செருகி வைத்த பேக்கப்பை வைரஸ் சேர்த்துப் பூட்டிவிடும். ரீஸ்டார்ட் ஆனபின் ஆன்டிவைரஸைத் திறந்து பதிப்பு எண் மாறியிருக்கிறதா, காவல் ஓடுகிறதா என்று பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். சில சமயம் கணக்கு மென்பொருளையே வைரஸ் என்று நினைத்துத் தடுத்து வைத்துவிடும். அப்போது ஆன்டிவைரஸ் முழுவதையும் நிறுத்தாமல், மென்பொருள் விற்றவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும்.

சர்வரில் உள்ள விண்டோஸ் எது என்பதையும் பாருங்கள். விண்டோஸ் சர்வர் 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-உடன் முடிந்துவிட்டது. அதன்மேல் எவ்வளவு நல்ல ஆன்டிவைரஸ் போட்டாலும் அஸ்திவாரம் பழையதுதான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ஆன்டிவைரஸ் பலவும் சர்வர் விண்டோஸில் ஏறாது. சர்வருக்கான பதிப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும், விலை சற்றுக் கூடும். லைசென்ஸ் தேதி முடிந்தபின்னும் மூலையில் சின்னம் இருந்துகொண்டே இருக்கும், அப்டேட் மட்டும் நின்றுபோயிருக்கும்.

ஏ.எம்.சி. எடுத்திருக்கும் என்ஜினீயர் தம்பிகளைக் குறை சொல்லவில்லை, பத்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். ஆனால் சாஃப்ட்வேர் மெதுவாக ஓடுகிறது என்று நாம் புகார் சொன்னால், ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்ப்பதுதான் அவர்களுக்குச் சுலபமான முதல் வழி. அடுத்த கடையிலிருந்து போன் வந்தால் அப்படியே விட்டுக் கிளம்பிவிடுவதும் உண்டு. ஆகவே சர்வீஸ் ரசீதில் கையெழுத்துப் போடுமுன் சர்வரில் காவல் ஓடுகிறதா என்று நாமே ஒருமுறை பார்த்துவிட்டு, நோட்டில் அவரையும் கையெழுத்திடச் சொல்கிறோம்.