மார்கழி முதல் தை வரை: மிச்சம் வைக்காத விழாக்காலம்

மார்கழி பிறந்ததிலிருந்து தைப்பொங்கல் முடியும் வரை ஏறத்தாழ ஐந்து வாரங்கள். தென்காசி மாவட்டத்தின் மலையடிவார ஊர்களுக்கு ஆண்டின் நீண்ட விழாக்காலம் இதுவே. சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே, சிவகிரி வட்டத்தில் உள்ள ராயகிரி அத்தகைய பேரூராட்சிகளில் ஒன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, விடியலில் பனி இறங்கும் பருவத்தில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, போகி, பொங்கல் என்று விழாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. வாங்குவதும் சமைப்பதும் விருந்தாளிகள் வருகையும் கூடும்போது வீட்டுக் குப்பையும் கூடுகிறது.

பழைய வழக்கத்தில், விழாவுக்காக வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு பொருளுக்கும் விழா முடிந்தபின் போய்ச்சேர ஓர் இடம் இருந்தது. வாழை இலை மாட்டுத் தொட்டிக்கும், சாம்பல் எருக்குழிக்கும், ஓலை அடுப்புக்கும் போயின. வழக்கங்கள் இன்றும் பெரும்பாலும் அப்படியே நடக்கின்றன, பொருள்கள்தான் மாறிவிட்டன. எனவே சுற்றுச்சூழலைக் காக்க விழாவைச் சுருக்க வேண்டியதில்லை. வாங்கும் பொருள் கடைசியில் எங்கே போகும் என்று பார்த்து வாங்கினால் போதும்.

வாசலும் கோலமும்

பச்சரிசி மாவில் இட்ட கோலம் எறும்புக்கும் குருவிக்கும் இரையாகி, மாலைக்குள் பாதி கரைந்துவிடும். இப்போது பல வாசல்களில் கல்மாவும் செயற்கைச் சாயம் கலந்த வண்ணப்பொடியும் இடம்பிடித்துள்ளன. அவற்றை எந்த உயிரும் தின்பதில்லை. தண்ணீர் தெளிக்கும்போது சாக்கடைக்குப் போகின்றன. வண்ணம் வேண்டுமென்றால் செம்மண், மஞ்சள்தூள், காய்ந்த பூவிதழ் ஆகியவை போதும்.

கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூ வைப்பது தென்மாவட்ட மார்கழியின் அடையாளம். அன்றன்று வைத்த சாணியைப் பூவோடு சேர்த்து வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தை மாதத்தில் சிறுமிகள் முற்றத்தில் மண்ணால் சிறுவீடு கட்டிப் பொங்கலிட்டு, அந்த வறட்டிகளை நீர்நிலையில் விடுவது சிறுவீட்டுப் பொங்கல். ஒரு மாதம் வாசலை அழகுபடுத்தியதில் குப்பை என்று எதுவும் மிஞ்சாது.

போகித் தீ

போகியன்று எரிக்கப்பட்டவை முன்பு கிழிந்த ஓலைப்பாய், தேய்ந்த விளக்குமாறு, கூரையிலிருந்து கழித்த ஓலை போன்றவை. இன்று அதே தீயில் பிளாஸ்டிக் பாயும் பாலியஸ்டர் துணியும் டயரும் விழுகின்றன. பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் திறந்தவெளியில் எரியும்போது டையாக்சின் உண்டாகும். அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மண்ணிலும் கால்நடைக் கொழுப்பிலும் படிந்து நெடுங்காலம் தங்கும்.

பருவமும் இதைக் கடுமையாக்குகிறது. மார்கழி விடியலில் தரையும் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடுகின்றன. அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கும். புகை மேலே ஏற முடியாமல் தெருமட்டத்திலேயே தங்குகிறது. 2018 ஜனவரி 13இல் போகிப் புகையும் பனிமூட்டமும் சேர்ந்ததால் சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. சிற்றூர்களில் வண்டிகள் குறைவு என்றாலும், முதியவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் சுவாசிப்பது அதே புகையைத்தான்.

போகியின் சாரம் வீட்டைத் துப்புரவாக்குவது. உடுத்தத்தக்க துணியைத் தேவைப்படுவோருக்குக் கொடுக்கலாம். பழைய பருத்தித் துணியைக் கரித்துணியாக்கலாம். இரும்பு, காகிதம், பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பழைய இரும்புக் கடையில் போடலாம். மழைக்காலம் முடிந்ததும் வரும் இந்தத் துப்புரவில் இன்னொரு வேலையும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் தொட்டி, குடம், டயர் ஆகியவற்றின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

விளக்கும் நட்சத்திரமும்

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை மூங்கில் சிம்பும் காகிதமும் கொண்டு வீட்டிலேயே செய்யலாம். குடிலுக்கு வைக்கோலும் மண்ணும் முளைவிட்ட கேழ்வரகுப் பயிரும் போதும். பிளாஸ்டிக் நட்சத்திரம் ஏற்கெனவே இருந்தால் அதை எறியாமல் ஆண்டுதோறும் எடுத்துக் கட்டுவதே நல்லது. விளக்கைப் பொறுத்தவரை, 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு 6 மணிநேரம் வீதம் 30 நாள் எரிந்தால் 10.8 யூனிட் மின்சாரம் ஆகும். ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 1.6 யூனிட் போதும்.

பொங்கல் அடுப்பும் பந்தியும்

திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் களிமண்ணால் செய்த பொங்கல் கட்டிகளை அடுப்பாகக் கூட்டி, பனை ஓலையை எரித்துப் பொங்கலிடுவார்கள். ஓலைச் சாம்பல் தோட்டத்துக்கு உரம். மண்பானை வாங்கினால் காருகுறிச்சி போன்ற ஊர்களின் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் பிழைப்பு. இந்தப் பருவத்துத் தின்பண்டமான பனங்கிழங்கும் அதே பனைமரம் தருவது. மண்ணில் புதைத்த பனங்கொட்டையின் முளைதான் அது. தமிழ்நாட்டின் மாநில மரமான பனைக்கு விழாக்கால வருமானம் இருக்கும்வரை அதை வெட்டாமல் வைத்திருக்கவும் ஒரு காரணம் இருக்கும்.

பந்தியில் வாழை இலைக்குப் பதிலாக வந்த பிளாஸ்டிக் தாளை மாடும் தின்னக் கூடாது, அது மண்ணிலும் மட்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தாள், தட்டு, குவளை, உறிஞ்சுகுழல், கைப்பை உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை உள்ளது. துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பர் 23இல் தொடங்கப்பட்டது. பொங்கல் சாமான் வாங்க இரண்டு துணிப்பையும், எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் ஒரு தூக்குச்சட்டியும் கொண்டுபோனால் அரைச் சாக்கு பாலித்தீன் வீட்டுக்குள் வருவது நிற்கும்.

விழாவுக்குப் பின்

கரும்புத் தோகையை மாடு தின்னும். கடித்துத் துப்பிய சக்கை, காய்கறித் தோல், காய்ந்த மாவிலைத் தோரணம், எச்சில் இலை ஆகியவை எருக்குழிக்கு உரியவை. ஈரக் கழிவு ஓர் அடுக்கு, சருகு அல்லது சக்கை இரண்டு அடுக்கு, மேலே கொஞ்சம் சாணிக்கரைசல் என்று போட்டு, பிழிந்த துணியளவு ஈரம் காத்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் நாற்றமெடுக்காது. இரண்டு மூன்று மாதங்களில் கறுத்து உதிரும் உரமாகிவிடும். இடமில்லாத வீட்டில் அடியில் துளையிட்ட பழைய மண்பானையே போதும். அந்த உரத்தை ஐப்பசியில் ஊன்றும் பூசணிக் கொடிக்கு வைத்தால் அடுத்த மார்கழிக் கோலத்துக்குப் பூவும் கிடைக்கும்.