மலை மேல் மூச்சுத் திணறும் எந்திரம்!

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி.

நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை ஏறியது. டெல்டா மாவட்டங்களைச் சூறையாடியது. மேற்கே நடந்தது. கொடைக்கானல் மலையையும் அது விடவில்லை.

மரங்கள் சாய்ந்தன. மண் சரிந்தது. மின்கம்பங்கள் விழுந்தன. மலை இருட்டில் மூழ்கியது.

இப்படிப்பட்ட நாட்களில் மலை மக்களுக்கு டீசல் ஜெனரேட்டர்தான் துணை. ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்து இருக்கிறது. அது 2 டிகிரி முதல் 8 டிகிரி வரை குளிரில் இருக்கவேண்டும். வீட்டில் சர்க்கரை நோய்க்காரர் சேர்த்து வைத்திருக்கும் இன்சுலினும் அப்படித்தான். கரண்ட் இல்லாவிட்டால் மருந்து கெட்டுவிடும்.

ஆனால், ஜெனரேட்டர் ஓடினால் மட்டும் போதுமா?

எந்திரம் 'தடதட' என்று ஓடும். விளக்கோ மினுக்கிக்கொண்டு எரியும். பிரிட்ஜ் மோட்டார் முனகும், சுற்றாது. மீட்டரைப் பார்த்தால், 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 200-க்கும் கீழே நிற்கும்.

"ரெகுலேட்டர் போச்சு!" என்பார்கள். புதிது வாங்க மலையை விட்டு இறங்கி மதுரைக்கு ஓடுவார்கள். கொண்டுவந்து மாட்டினால், பழைய கதைதான்!

குற்றவாளி ரெகுலேட்டர் அல்ல. காற்று!

மெல்லிய காற்று

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே பருப்பு வேக நேரம் ஆகும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

அதே காற்றைத்தான் டீசல் என்ஜினும் குடிக்கிறது. கடற்கரையில் கிடைக்கும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறைவு. காற்று குறைந்தால் டீசல் முழுக்க எரியாது. கரும்புகை வரும். பலம் குறையும்.

சாதாரண என்ஜின் கீழே பழனியில் 50 விளக்குகளை எரிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே வந்தால், 40-தான் அதற்குக் கணக்கு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் 'டர்போ' வைத்த என்ஜின் இவ்வளவு தளராது.

இது தெரியாமல் ஒரு விடுதிக்காரர் எந்திரம் வாங்குகிறார். குளிர் காலம். காலை ஆறு மணி. பத்து அறைகளில் வெந்நீர்க் கருவியைப் போடுகிறார்கள். என்ஜின் திணறுகிறது. வேகம் குறைகிறது.

வேகம் குறைந்தால் ரெகுலேட்டர் என்ன செய்கிறது தெரியுமா? தானாகவே வோல்டேஜைக் குறைக்கிறது!

மலைப்பாதையில் வண்டி ஏறும்போது மாடு தள்ளாடினால், வண்டிக்காரர் பாரத்தை இறக்குகிறார் அல்லவா? அதேதான். வோல்டேஜ் குறைந்தால் என்ஜினின் சுமையும் குறையும். அது மூச்சு வாங்கும். உள்ளே சுழலும் கம்பிச்சுருளும் கருகாமல் தப்பும். பெரும்பாலான ரெகுலேட்டர்களில் இந்தப் புத்தியை வைத்துத்தான் செய்கிறார்கள்.

இரண்டு முட்கள்

ஆகவே, வோல்ட் மீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் இன்னொரு மீட்டர் இருக்கும். 'ஹெர்ட்ஸ்' என்று எழுதியிருக்கும். அதில் 50 காட்டவேண்டும். நான்கு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால்தான் 50 வரும்.

இரண்டும் சேர்ந்து இறங்குகின்றனவா? நோய் என்ஜினில்! சுமையைக் குறையுங்கள். காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி இரண்டையும் பாருங்கள்.

எந்திர அறையின் கதவையும் பாருங்கள். குளிருக்குப் பயந்து மூடி வைக்கிறார்கள். என்ஜின் தான் விட்ட சூட்டையே திரும்பக் குடிக்கிறது. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் இன்னும் மோசம். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. ஆளையே கொன்றுவிடும்.

ஹெர்ட்ஸ் 50-ல் ஆடாமல் நிற்கிறது, வோல்டேஜ் மட்டும் ஏறி இறங்குகிறதா? இப்போது ரெகுலேட்டரையும் அதன் கம்பிகளையும் சந்தேகப்படலாம். எந்திரம் அதிர்ந்து அதிர்ந்து கம்பி முனைகள் தளர்ந்திருக்கும்.

வோல்டேஜ் கிடுகிடுவென்று 300-க்கு ஏறுகிறதா? உடனே எந்திரத்தை நிறுத்துங்கள்! வோல்டேஜை ரெகுலேட்டருக்குச் சொல்லும் கம்பி அறுந்திருக்கலாம். கரண்டே வரவில்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. மேலும் மேலும் ஏற்றுகிறது.

திருப்புளி செய்த வினை

ரெகுலேட்டரில் சிறிய திருகு ஒன்று உண்டு. வோல்டேஜ் குறைந்ததும் சிலர் திருப்புளியை எடுத்து அதைத் திருகுகிறார்கள்.

என்ஜின் திணறும்போது திருகி, எப்படியோ 230-க்குக் கொண்டுவருகிறார்கள். ஒன்பது மணிக்கு வெந்நீர்க் கருவிகளை நிறுத்துகிறார்கள். என்ஜின் பழைய வேகத்துக்கு வருகிறது. வோல்டேஜ் எங்கே போகும்? 260, 270! டெலிவிஷன் போச்சு. பிரிட்ஜ் போச்சு. அவசரத்தில் திருகியவர் அப்போது அங்கே இருக்கமாட்டார்!

நியூட்ரல் கம்பி

மூன்று பேஸ் எந்திரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. ஒரு வீட்டில் பல்பு பளீர் என்று எரிந்து வெடிக்கும். அடுத்த வீட்டில் அழுது வடியும்.

நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் இப்படி ஆகும். சுமை குறைந்த பேஸில் வோல்டேஜ் எகிறும். சுமை கூடிய பேஸில் இறங்கும். பல ரெகுலேட்டர்கள் பேஸுக்கும் பேஸுக்கும் இடையே உள்ள 415 வோல்டை மட்டும்தான் பார்க்கின்றன. அது சரியாக இருப்பதால், எல்லாம் சரி என்று சும்மா இருந்துவிடும். மனிதர்தான் நிறுத்தவேண்டும்.

தூங்கும் எந்திரம்

கோடையில் எந்திரத்தை மூடிப் போர்த்தி வைத்துவிட்டு, ஐப்பசி மழையில் தேடுகிறவர்கள் பலர். அதற்குள் மலை மூடுபனி உள்ளே புகுந்து சுருள்களை ஈரமாக்கியிருக்கும். பாதி காலியான டாங்கியில் பனி வேர்த்து, டீசலில் தண்ணீர் சேர்ந்திருக்கும்.

சில சமயம் என்ஜின் நன்றாகச் சுற்றும். ஒரு வோல்ட்கூட வராது. ஜெனரேட்டரின் இரும்பில் எப்போதும் கொஞ்சம் காந்தம் மிச்சம் இருக்கும். அதை வைத்துத்தான் முதல் கரண்ட் பிறக்கிறது. நாள்பட நின்றால் அந்தக் காந்தம் மறைந்துவிடலாம். மெக்கானிக் ரெகுலேட்டர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பாட்டரியைக் கண நேரம் தொட்டுக் காட்டுவார். காந்தம் திரும்பிவிடும். பிளஸ், மைனஸ் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை இது. வீட்டுக்காரர் கை வைக்கக்கூடாது.

மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சும்மா ஓட்டினால் எந்த மீட்டரும் ஒழுங்காகத்தான் காட்டும். வெந்நீர்க் கருவிகளைப் போட்டு ஓட்டுங்கள். ஹெர்ட்ஸ் முள் எங்கே நிற்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி, எந்திரத்தின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். அடுத்த புயலின்போது வரும் மெக்கானிக் முதலில் கேட்பது அதைத்தான்.